மூணாவது மாடி அரசங்கன்னு

யாரும்மா? ரெண்டாவது மாடி வீட்டைப் பார்க்க வந்தவங்களா? அப்ப ஒரு மாடி கூட ஏறி வந்துட்டீங்க. உங்க மேல தப்பில்ல. இந்த லிஃப்ட்ல ரெண்டை அமுக்கினா அது பாட்டுக்கு மூணுல வந்து நிக்கும். செகரட்டரிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு, மனுஷன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு. கீழ் வீட்டுச் சாவியும் அவர்கிட்டதான் இருக்கு. மார்க்கெட் போயிருக்காரு, வர அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் வாசல்லயா நிப்பீங்க? உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும். வெயில்ல வந்திருக்கீங்க, மோர் தரேன்.

தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரரு? ஓ, ஆபீஸா. கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு? நாலு வருஷமா? குழந்தைங்க? சரி சரி, அதுக்கென்ன இப்ப, எல்லாம் ஆகும். எனக்கு நோண்டி நோண்டிக் கேக்குற பழக்கமே கிடையாது, தெரியுமா? ஏதோ மனசுல பட்டுச்சு, கேட்டேன். எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க? சரி விடுங்க. மோரைக் குடிங்க. பெருங்காயம் போட்டிருக்கேன், வயித்துக்கு நல்லது.

என் பேரு மங்கையர்க்கரசி. இங்க எல்லாரும் மங்கைம்மாம்பாங்க. இந்த ஏ ப்ளாக்ல முதல்ல பால் காய்ச்சிக் குடி வந்தது நாங்கதான். நீங்க பார்க்க வந்திருக்கீங்களே அந்த வீடு, இதோ நாம உக்காந்திருக்கிற தரைக்கு நேர் கீழ, அது என் பொண்ணு வீடு. ஆமாம்மா, பெத்த பொண்ணு. சுகந்தி. போன்ல பேசினாளே, உங்ககிட்ட சொல்லலியா, மேல எங்க அம்மா இருக்காங்கன்னு? சொல்லல இல்ல? சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும்.

வீடு நல்ல வீடு. காத்து வரும், வெளிச்சம் வரும். பெட்ரூம் சுவர் ஒண்ணு மட்டும் புதுசா பூசி பெயின்ட் அடிச்சிருக்கும். அந்தச் சுவரைப் பத்தி இந்த ப்ளாக்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அவங்க வாயிலருந்து கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நியாயம் நீங்களே சொல்லுங்க. நீங்க வெளியாளு, யார் பக்கமும் பேச வேண்டிய அவசியம் இல்ல பாருங்க.

ரெண்டு வருஷமா அந்தச் சுவர்ல ஈரம். முதல்ல ஒரு தட்டு அகலத்துக்கு இருந்துச்சு. அப்புறம் கட்டில் தலைமாடு வரைக்கும் வந்துடுச்சு. பெயின்ட் பொரிஞ்சு பொரிஞ்சு படுக்கை மேல விழும். கறுப்பா பூசணம். சின்ன வயசுல ஒரு சளி காய்ச்சல் வராத பொண்ணுக்கு இழுப்பு வந்துடுச்சும்மா. அவ இருமுறது எனக்கு இங்க கேக்கும். பெத்த வயிறு சும்மா இருக்குமா? ஆடாதொடை இலைக் கஷாயம் வெச்சு எடுத்துக்கிட்டு கீழ ஓடுவேன். "அம்மா, சுவரு சரியானா எல்லாம் சரியாயிடும்மா"ம்பா. அந்தச் சுவரை இப்படி ஆக்கினவ யாரோ, அவ நல்லா இருப்பாளான்னு நான் வயிறெரிஞ்சு சாபம் விட்டிருக்கேன்.

யாரோன்னு என்ன, எனக்குத் தெரியாதா? நாலாவது மாடி வத்சலா. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை, தனியா இருக்கா. பால்கனியில வாஷிங் மெஷினை வெச்சு ஓட்டறா. அந்தத் தண்ணி எங்க போகும்? கீழதானே வரும்? நான் போய்க் கேட்டேன். "மங்கைம்மா, என் வீட்டுத் தண்ணி கீழ வந்தா முதல்ல உங்க சுவர்தானே நனையணும்?"னு சிரிச்சுக்கிட்டே கேக்கறா. அந்தத் திமிரைப் பாருங்களேன். என் சுவரு காஞ்சு கிடக்கு. அதுலருந்தே தெரியல? என் வீட்டை நைசாத் தாண்டி என் பொண்ணு வீட்டுக்குப் போகுது. அன்னிலருந்து அவகூட பேச்சை விட்டுட்டேன். கீரை கொண்டு வர்றவர்கிட்ட, தண்ணிக் கேன்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன், இவளாலதான் என் பொண்ணு மூச்சு விட முடியாம கிடக்கறான்னு.

அப்பதான் சுகந்தி பெட்ரூம் இருக்கிற தெற்குப் பக்கம் வெளிப்பூச்சு பெயர்ந்து ஒரு கார் மேல விழுந்துச்சு. நல்லவேளை, உள்ள ஆள் இல்ல. உடனே மீட்டிங் போட்டாங்க. சாரம் கட்டிப் பார்க்கலாம்னாங்க ஒருத்தர். கயித்துல தொங்கிப் பார்க்கிற ஆளுங்க இருக்காங்க, அது போதும்னாரு செகரட்டரி. நான் எழுந்திரிச்சேன். கயித்துல தொங்கறவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து வத்சலா நைசாப் பேசினா, அவ சொல்றதைத்தான் அவரு வந்து சொல்வாரு. அதெல்லாம் வேணாம், ட்ரோன் வரவழைங்கன்னு சொன்னேன். எங்க அண்ணன் பேரன் கல்யாணத்துல பார்த்திருக்கேன், மண்டபத்துக்கு மேல வண்டு மாதிரி பறந்து பறந்து படம் எடுக்கும். கல்யாணத்துக்கு எடுக்கறது கட்டடத்துக்கு எடுக்காதான்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மங்கைம்மாவுக்கு இதெல்லாம் தெரியுதேன்னு ஒரு ஆச்சரியம். விசாரிச்சுப் பார்த்தா, அதுக்குன்னே கம்பெனி இருக்காம். செவுத்தைச் செக் பண்றதுக்குன்னே ட்ரோன் வெச்சிருக்காங்களாம். "மனுஷன் பொய் சொல்வான், மெஷின் பொய் சொல்லாது"ன்னு நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

அந்தக் கம்பெனியிலருந்து ஒரு பொண்ணு வந்தா. நஸ்ரீன்னு பேரு. தலையில தொப்பி, கையில ஒரு பெரிய கறுப்புப் பொட்டி. இவளா பறக்க விடப்போறான்னு நினைச்சேன். அடேயப்பா, என்ன லாவகம்! இந்தப் பக்கம் ஏர்போர்ட் கிட்டத்துல இல்லாததால பெர்மிஷன் சுலபமாக் கிடைச்சுதாம். அவளுக்குப் பொங்கலும் வடையும் கொண்டுபோய்க் குடுத்தேன். யாரும் சொல்லல, நானாச் செஞ்சு குடுத்தேன். "அம்மா, எங்க அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு"ன்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டா. அந்த ட்ரோன்ல ரெண்டு கேமராவாம். ஒண்ணு நம்ம கண்ணு மாதிரி பார்க்குமாம். இன்னொண்ணு சூடு பார்க்குமாம். காஞ்ச சுவரு சிவப்பாத் தெரியும், ஈரச் சுவரு நீலமாத் தெரியும்னு விளக்கினா. எனக்கு ஒரே சந்தோஷம். "ஒரு செங்கல் விடாதம்மா, அதுவும் தெற்குப் பக்கத்தை நல்லா எடு, நாலாவது மாடியை நல்லா எடு"ன்னு சொன்னேன். "கண்டிப்பாம்மா"ன்னா.

இருங்க, இருங்க. இங்க ஒரு விஷயம் சொல்லணும். இதைச் சொன்னாத்தான் மிச்சம் புரியும்.

என் சமையக்கட்டு ஜன்னலுக்கு வெளிய மழைத்தண்ணி பைப்பு போகுது. அந்தப் பைப்பு ஓரத்துல, கீழ நிக்கறவங்களுக்குச் சன்ஷேடு மறைக்கிற இடத்துல, ஒரு நாள் பார்த்தா ஒரு அரசங்கன்னு. காக்கா எச்சத்துல வந்திருக்கும். ரெண்டே ரெண்டு இலை, செம்பு நிறத்துல. எந்த வாரம் தெரியுமா முளைச்சுது? என் பொண்ணுக்கு முதல் தடவை டெஸ்ட் ட்யூப் வெச்சு, நிக்காமப் போச்சு பாருங்க, அந்த வாரம். அவ கீழ கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டு இருக்கா. நான் இங்க ஜன்னல்ல நின்னு என்ன செய்யறதுன்னு தெரியாம வெளிய பார்க்கறேன். பார்த்தா, அரசு. கிள்ளிப் போடத்தான் கை போச்சு. அப்படியே நின்னுடுச்சு. எத்தனை கோயிலுக்கு நடந்தாச்சு. இப்ப அரசமரமே என் வீட்டு ஜன்னலுக்கு வந்திருக்குன்னா, அதுக்கு ஒரு அர்த்தம் இல்லாம இருக்குமா?

அன்னிலருந்து தினம் ஒரு சொம்புத் தண்ணி. வெள்ளிக்கிழமைன்னா பால். குழந்தை வேணும்னா அரச மரத்தைச் சுத்தணும் இல்ல? மூணாவது மாடிச் சுவர்ல இருக்கிறதை எப்படிச் சுத்தறது? யோசிச்சேன். மரத்தைச் சுத்த முடியலன்னா என்ன, மரம் இருக்கிற கட்டடத்தைச் சுத்தினாப் போச்சு. காலைல குளிச்சுட்டு இறங்கி இந்த ஏ ப்ளாக் பூரா சுத்தி வருவேன், ஒன்பது சுத்து. எல்லாரும் நான் வாக்கிங் போறேன்னு நினைச்சாங்க. பி ப்ளாக்லருந்து ரெண்டு பேரு சர்க்கரை குறையணும்னு என்கூடவே வந்து சுத்த ஆரம்பிச்சாங்க. சிரிக்கறீங்க. சிரிங்க, அப்ப எனக்கும் சிரிப்புதான். கோயில் வாசல்ல ஒரு மரத்தொட்டில் வாங்கினேன், உள்ளங்கை அளவு. மஞ்சத்துணி விரிச்சு, சுகந்தி பேரைச் சொல்லி ஒரு கிளையில கட்டி விட்டேன். இதை அவகிட்ட நான் சொல்லல. சொன்னா "ஏம்மா இதெல்லாம்"னு ஆரம்பிப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது. நாமதான் அவங்களுக்குத் தெரியாம அவங்களுக்கு நல்லது பண்ணணும்.

ட்ரோன் வந்த அன்னிக்குக் காலைல எனக்கு என்ன தோணுச்சுன்னா, படம் எடுக்கப் போறாங்களே, சாமி வெறுமனே நிக்குதேன்னு தோணுச்சு. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, ஒரு முழம் கதம்பம் சுத்தினேன். சொம்புல தண்ணி எடுத்து ஊத்திட்டு இருக்கேன், அந்த ட்ரோன் நேரா என் ஜன்னலுக்கு எதிர்ல வந்து அந்தரத்துல நிக்குது. விர்ர்ருன்னு சத்தம். நான் கையை வேற ஆட்டினேன். பாருங்க என் வெள்ளந்தி மனசை.

ஞாயித்துக்கிழமை மீட்டிங். அசோசியேஷன் ரூம்ல இடம் பத்தாம டிவியைத் தூக்கிட்டு வந்து கார் பார்க்கிங்ல வெச்சாங்க. நான் முதல் வரிசை. எனக்குப் பின்னாடி சுகந்தியும் மாப்பிள்ளையும். வத்சலா கடைசியில தூண் பக்கத்துல நிக்கறா. இருடி, இன்னிக்கு உன் வண்டவாளம் வெளிய வருதுன்னு மனசுல நினைச்சுக்கிட்டேன். நஸ்ரீன் படத்தைப் போட்டா. மொட்டை மாடி, தண்ணித் தொட்டி, அது இதுன்னு காமிச்சுட்டு நாலாவது மாடிக்கு வந்தா. சிவப்பு. ஆரஞ்சு. "இங்க ஈரமே இல்ல சார், நல்லா காஞ்ச சுவரு"ங்கறா. வத்சலா வீட்டுச் சுவரு அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கு. "பால்கனிக்குக் கீழ பாரும்மா"ன்னேன். "பார்த்தாச்சும்மா"ன்னா. "வாஷிங் மெஷின் ஓடும்போது பார்த்தியா?"ன்னு கேட்டேன். "ஓட வெச்சே பார்த்தோம்மா"ன்னா. அப்புறம் படம் ஒரு மாடி கீழ இறங்கிச்சு.

நீலம். என் சமையக்கட்டு ஜன்னல் ஓரத்துல ஆரம்பிச்சு, இங்க் பாட்டிலைக் கவுத்த மாதிரி அப்படியே கீழ ஓடுது. கீழ சமையக்கட்டை ஒட்டின சுகந்தி பெட்ரூம் சுவரு பூரா நீலம். முதல் மாடி வரைக்கும் நீலம். "இப்ப சாதாக் கேமராவுல பார்க்கலாம்"னு சொல்லி அடுத்த படத்தைப் போட்டா. டிவி பூரா என் மரம்.

சத்தியமாச் சொல்றேன், எனக்கு முதல்ல பெருமையாத்தாம்மா இருந்துச்சு. ஜன்னல்லருந்து நான் அதோட ஒரு பக்கத்தைத்தானே பார்த்திருக்கேன்? வெளியிலருந்து பார்த்தா அவ்வளவு அழகு. ஆளு உசரத்துக்கு வளர்ந்து, ட்ரோன் காத்துல இலையெல்லாம் சலசலன்னு ஆடுது. நஸ்ரீன் பேசிக்கிட்டே போறா. வேரு பைப்பை உடைச்சிருச்சு, சுவரைப் பொளந்துட்டு உள்ள போயிருக்கு, மழை இல்லாத நாள்லயும் ஈரமா இருக்கு, மேல இருந்து யாரோ தினம் தண்ணி ஊத்தறாங்கங்கறா. அவ சொல்லி வாயை மூடல, படத்துல ஜன்னல்லருந்து ஒரு கை வெளிய வருது, சொம்போட. தண்ணியை ஊத்துது. அப்புறம் டாட்டா காட்டுது. வளையலைப் பார்த்தே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒரே சிரிப்பு. பொங்கல் தின்னுட்டுப் போனாளே, முன்னாடியே ஒரு வார்த்தை என் காதுல போட்டிருக்கலாம் இல்ல? அப்புறம் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கதானேம்மா ஒரு செங்கல் விடாதன்னு சொன்னீங்க"ங்கறா. எப்படி இருக்கு கதை?

அதோட விட்டாங்களா? முதல் வரிசையில ஒருத்தர், "அந்தக் கிளையில என்னமோ தொங்குதே, கொஞ்சம் பெருசாக்கிக் காட்டும்மா"ன்னாரு. பெருசாச்சு. தொட்டில். மஞ்சத்துணி. "என்னது, குருவிக்கூடா?"ன்னு யாரோ கேக்க, மறுபடியும் சிரிப்பு. சாமி விஷயம்மா அது. என் உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. எழுந்து நின்னேன். குருவிக்கூடும் இல்ல, குப்பையும் இல்ல, அது வேண்டுதல்னேன். யாருக்கு வேண்டுதல்னு கேட்டாங்க. கேட்டா என்ன செய்யறது, பொய்யா சொல்ல முடியும்? சாமி காரியத்துல பொய் சொல்லலாமா? சொன்னேன். என் பொண்ணுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கல, ரெண்டு தடவை டெஸ்ட் ட்யூப்பும் வெச்சுப் பார்த்தாச்சு, ரெண்டாவது தடவை மூணு மாசம் இருந்து கலைஞ்சுபோச்சு, அந்தப் பொண்ணுக்காகத்தான்னு சொன்னேன். அப்ப பின்னாடி ரெண்டு பொம்பளைங்க குசுகுசுங்கறாங்க. என் பொண்ணைத்தான் ஏதோ சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? விடுவேனா? "என் பொண்ணுகிட்ட ஒரு குறையும் கிடையாது, டாக்டரே சொல்லிட்டாரு, குறையெல்லாம் மாப்பிள்ளைகிட்டதான்"னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன்.

என் பொண்ணுக்காகப் பேசினேம்மா. அத்தனை பேரு முன்னாடி அவ மானத்தைக் காப்பாத்தினேன். வேற யாரு பேசியிருப்பா?

மாப்பிள்ளை எழுந்தாரு. நாற்காலியை மெதுவா மடிச்சு, சுவர்ல சாத்தி வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. பெரியவங்க பேசிட்டு இருக்கும்போது நடுவுல எழுந்து போறது ஒரு மரியாதையா? நான் அதைக்கூடப் பெருசா எடுத்துக்கல. சின்னப் பையன்னு விட்டுட்டேன். சுகந்தி உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தா. நிமிரவே இல்ல.

செகரட்டரி தொண்டையைச் செருமிக்கிட்டு, அரச மரம், பாதிப் பேருக்கு மேல சம்மதிச்சாத்தான் கை வைக்க முடியும், என்ன சொல்றீங்கன்னாரு. சிலபேரு பாவம்னாங்க. வேரோட எடுத்துக் கோயில்ல வெச்சுடலாமேன்னாங்க. வேரு சுவருக்குள்ள போயிட்டதால முழுசா எடுக்க முடியாது, வெட்டிட்டு வேருக்கு மருந்து வைக்கணும்னு நஸ்ரீன் சொல்றா. சரி, வெட்டலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்கன்னாரு. யாரும் தூக்கல. பயம் இல்ல? அரச மரம்மா! எனக்கு உயிரே வந்துச்சு. அப்ப எனக்குப் பின்னாடியிருந்து ஒரு கை எழும்புது.

என் பொண்ணு கை.

யாருக்காக நான் பாலை ஊத்தினேனோ, யாருக்காக முழங்கால் வலியோட இந்தக் கட்டடத்தைச் சுத்தினேனோ, அவ கை. முதல் கை. "வெட்டிடுங்க"ன்னு ஒரே வார்த்தை. அவ தூக்கினதும் ஒவ்வொண்ணா எல்லாக் கையும் எழும்புச்சு. வயித்துல பொறந்தது இப்படிப் பண்ணுமாம்மா? ஊரே எதிர்த்திருந்தாலும் தாங்கியிருப்பேன். வத்சலா ஒருத்திதான் கையைத் தூக்கல. ஏன்னு நினைக்கறீங்க? நடிப்பு. அவ எவ்வளவு பெரிய நடிகைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மறுநாள் கயித்துக்காரங்க வந்தாங்க. நான் ஜன்னலைச் சாத்திட்டு இங்கயே உக்காந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவரு அதிகம் பேச மாட்டாரு. வெட்டுற சத்தம் கேட்டுது. அரிவாளோட ஒவ்வொரு வெட்டும் என் வயித்துலதான் விழுந்துச்சு. இனிமே எங்க போய் வேண்டிக்குவேன்? எதைச் சுத்துவேன்?

சாயங்காலம் சுகந்தி வந்தா. உள்ள வரல. இதோ நீங்க வந்தீங்களே, அந்த வாசப்படியிலயே நின்னா. மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். வாடி, சாப்பிட்டியான்னேன். "அம்மா, அதையெல்லாம் நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்"னா. அவ்வளவுதான். அழக்கூட இல்ல. ஆமா, என்கிட்டதான் சொன்னா. அம்மாகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்வா? ஊர்ல எல்லாப் பொண்ணுங்களும் அம்மாகிட்டதான் சொல்றாங்க. இதுல என்ன புதுசா இருக்கு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், அவ என்ன சொல்ல வந்தான்னு இன்னிவரைக்கும் எனக்குப் பிடிபடவே இல்ல. உங்களுக்கு ஏதாவது புரியுதா? புரியல இல்ல? அதான்.

அந்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. போரூர் பக்கம்னு கேள்வி. அட்ரஸ் தெரியாது. போன் பண்ணினா எடுக்க மாட்டா. அப்புறம் போனே போகல, ஒரு ரிங் வந்து கட் ஆயிடுது. பிளாக் பண்ணிட்டாளாம், பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துச் சொன்னான். நம்பரை மாத்தலயாம், என்னை மட்டும் பிளாக் பண்ணியிருக்காளாம். எங்க வீட்டுக்காரரை அவர் போன்லருந்து கூப்பிடச் சொன்னா, "எனக்கும் எடுக்க மாட்டேங்கறா"ங்கறாரு. அந்த மனுஷன் பாவம், மனசு விட்டுப் போச்சு. சனிக்கிழமையானா வாக்கிங் போறேன்னு கிளம்பறாரு, மூணு மணி நேரம் கழிச்சுதான் வர்றாரு. வந்து சாப்பிடறதும் இல்ல. பசியில்லங்கறாரு. கவலையிலயே வயிறு நிறைஞ்சுடுது போல. போன வாரம் சட்டையில வத்தக்குழம்பு சிந்தியிருந்துச்சு. ஹோட்டல்ல சாப்பிட்டேன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல. அவருக்கும் ஒரு ஆறுதல் வேணும் இல்ல?

பாருங்க, வளர்த்த பொண்ணு, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட நஸ்ரீன், நான் சொல்லி வரவழைச்ச மெஷின், எல்லாமாச் சேர்ந்து என்னைத்தான் நடுவுல நிறுத்தி வெச்சுச் சிரிச்சுதுங்க. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் கேக்கறேன். எல்லாரும் மோரைக் குடிச்சுட்டு எழுந்து போயிடறாங்க.

ஏம்மா, எனக்கு ஒரு உதவி பண்றீங்களா? உங்க போன்ல அவ நம்பர் இருக்கு இல்ல? வீட்டு விஷயமாப் பேசினீங்களே. இப்ப ஒரு தடவை கூப்பிடுங்களேன். வீட்டைப் பார்க்க வந்துட்டேன், சாவிக்காக நிக்கறேன்னு சொல்லுங்க. நான் இங்க இருக்கேன்னு சொல்ல வேணாம். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் மூச்சுக் காட்டாம உக்காந்திருக்கேன். ஏதாவது விசேஷமான்னு கேக்கச் சொல்லல, அதெல்லாம் வேணாம். குரலை மட்டும் கேட்டுக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. பெத்தவ கேக்கறேன்.

ரிங் போகுதா? கொஞ்சம் சத்தம் கூட்டுங்க. ஷ்... எடுத்துட்டா.

வெச்சுட்டாளா? அதுக்குள்ளயா?

குரல் கேட்டீங்களா? இழுப்பே இல்ல. அத்தனை வார்த்தை பேசினா, ஒரு இருமல் இல்ல. நான் குடுத்த கஷாயம் உள்ள நின்னு வேலை செய்யுது, பார்த்தீங்களா. ஆனா குரல்ல ஒரு களைப்பு இருந்துச்சு. நல்ல களைப்பா, கெட்ட களைப்பான்னுதான் தெரியல.

கடைசியா என்னவோ சொன்னாளே. "மேல் வீட்டுல ஒரு அம்மா இருப்பாங்க. நல்லவங்கதான். ஆனா உங்க வீட்டு விஷயம் எதையும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க"ன்னு. நாலாவது மாடியைத்தான் சொல்றா. வத்சலாவை. அவளும் தெரிஞ்சுக்கிட்டா, அவ எப்படிப்பட்டவன்னு. ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ரெண்டுக்கு மேல மூணுதான், எனக்கும் எண்ணத் தெரியும். நல்லவங்கதான்னு சொன்னாளே, அது என்னை. அந்த மிச்சம்தான் வத்சலாவை. அப்படித்தானே? ஏம்மா, அப்படித்தானே சொன்னா?

எங்க, எழுந்துட்டீங்க? செகரட்டரி இன்னும் வரலியே. உக்காருங்க. இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா. தண்ணி வசதி எப்படின்னு கேக்க மறந்துட்டேன்னு சொல்லுங்க.